நாலாவது ஊர்

அத்தியாயம் 11

சென்றாயனைப் போன வாரம் எங்கே விட்டோம்? வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டே, "நாளைக்கு எப்படியும் சொல்லிப்போடோணும்" என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டிருந்தான். அந்த நாளை இதோ விடிந்துவிட்டது. சனிக்கிழமை, பேளுக்குறிச்சிச் சந்தை.

இதற்குமுன் இப்படி எத்தனை சத்தியம் செய்திருக்கிறான் தெரியுமா? மகள் கண்ணாயிக்குப் பால்பல் விழுந்த அன்று ஒன்று. மாமியார் படுத்த அன்று ஒன்று. சத்தியத்துக்குப் பஞ்சமில்லாத மனுஷன்.

நடந்தது இதுதான். சென்றாயனும், அவன் பெண்டாட்டி பாப்பாத்தியின் தம்பி சின்னராசும் ஒரே நாளில் மலையிறங்கிப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். பாலம் கட்டுகிற பிரிவு. கப்பலேறி இத்தாலி வரை போனார்கள். அங்கே ஓர் ஆற்றங்கரையில், மூன்று வருஷத்துக்கு முந்திய கார்த்திகையில், சின்னராசு செத்துப்போனான். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த பையன் அவன். ஊருக்கு எழுதிக் கேட்டால் வயது வெளிப்பட்டுவிடுமென்று, நெருங்கிய சொந்தம் யார் என்று கேட்ட இடத்தில் மச்சான் பேரையே எழுதிவைத்திருந்தான். அதனால் சர்க்கார் காகிதம் கொல்லிமலைக்கு வரவே இல்லை. சென்றாயன் கையில்தான் கொடுத்தார்கள்.

அவன் அதை யாரிடமும் காட்டவில்லை. "நாங்கள் ரெண்டு பேரும் சுகம்" என்று கடிதாசி எழுதச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தான்.

இந்த மாசியில் ஊர் திரும்பியபோது, பாதை முனையிலேயே மாமியார் அத்தாயி நின்றிருந்தாள். "எம் பையன் எங்க சாமி?" என்றாள். உண்மை தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தால் வேறொன்று விழுந்தது.

"அங்கயே ஒரு வெள்ளைக்காரப் புள்ளையைக் கட்டிக்கிட்டுத் தங்கிப்போட்டானுங்க அத்தை."

ஒரு ராத்திரிக்கு மட்டும் இருக்கட்டும், கிழவி தூங்கட்டும் என்று நினைத்துச் சொன்ன பொய். பாவி, ஒன்பது மாதம் ஓடிவிட்டது.

அத்தாயி தூங்கவில்லை. பெற்றவளை மறந்த பயலென்று வாய் ஓயாமல் மகனைத் திட்டினாள். ஆடியில் படுத்தாள். போகிறபோதும் திட்டிக்கொண்டேதான் போனாள்.

அடுத்தது கண்ணாயியின் காது. ஏழு வயசாகியும் மூளிக் காதோடு திரிகிறாள் பிள்ளை. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும். மாமன் செத்திருந்தால் பங்காளி முறையில் யாராவது மடி கொடுப்பார்கள். உயிரோடு இருக்கிற மாமனை விட்டுவிட்டு வேறொருத்தன் மடியில் உட்கார்த்தினால் பிறந்த வீட்டோடு உறவு முறிந்தது என்று அர்த்தம். அவர்கள் ஊர்க்கட்டான ஆலத்தூர் நாட்டில் ஒருத்தனும் அதற்குச் சம்மதிக்கவில்லை.

பாப்பாத்தி யோசித்தாள். அவள் யோசித்தால் லேசில் விடமாட்டாள்.

"அவன் வரமாட்டான்னா நாம போவோம். அவன் கட்டுன வேட்டி ஒண்ணு வாங்கியாந்து, யாரு மடியிலயாச்சும் விரிச்சு, அதுமேல புள்ளையை உக்கார வெச்சுக்கலாம். நாட்டுக்காரங்க ஒத்துக்கிட்டாங்க."

இப்படித்தான் கொல்லிமலையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இத்தாலிக்குப் பன்னிரண்டு நாள் பயணம் திட்டம் போட ஆரம்பித்தார்கள். இன்றைக்குச் சந்தையில், பாப்பாத்திக்கு அவள் அம்மா விட்டுப்போன மிளகுத் தோட்டம் வியாபாரி வெள்ளையன் பேருக்கு மாறப்போகிறது. கப்பலுக்கு அதுதான் வழி. அவள் கட்டைவிரல் அந்தப் பத்திரத்தில் படுவதற்குள் சென்றாயன் வாயைத் திறந்தாக வேண்டும்.

கண்ணாயியைப் பக்கத்து வீட்டு ராமாயியிடம் விட்டுவிட்டு, விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினார்கள்.

பாதையில் ராத்திரி பெய்த மழையின் ஈரம் இருந்தது. பாப்பாத்தி தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு சீசா. முன்னால் அவள், பின்னால் அவன். முதல் வளைவு திரும்பியதுமே தொடங்கிவிட்டாள்.

"மொதோ எறங்குற ஊரு நேப்பிள்ஸ். ரெண்டு நாளு. பொகையுற மலை. சரிதானுங்களே?"

"சரிதான்."

"அடுத்தது ரோம். மூணு நாளு. பெரிய கோயலு. செருப்போட உள்ள போலாம்."

"ஆமா."

"எனக்கு அது ஆகாதுங்க. நான் கழட்டி வெச்சுப்போட்டுத்தான் போவேன்."

"உங்கிட்ட ஏது புள்ள செருப்பு?"

"வாங்கோணுமில்ல! இன்னைக்கே சந்தையில பாக்கலாம். கழட்டறதுக்காச்சும் ஒண்ணு வேணுமல்லோ."

சென்றாயனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் செத்தது.

"மூணாவது பிளாரன்ஸ். மூணு நாளு. ஆத்துமேல பாலம், பாலத்துமேல நகைக்கடை. ஏனுங்க, பாலத்துல கடையைப் போட்டா வண்டி எப்படிங்க போகும்?"

"போகாது. ஆளுக மட்டும்தான்."

"கிறுக்குப் புடிச்சவனுக. வேற பக்கமா எடமில்ல?" அவள் தலைமூட்டையைச் சரிசெய்துகொண்டாள். "சோத்துக்கு என்ன பண்றது? மறுபடி சொல்லுங்க."

"சோளமாவைக் கிண்டிக் களியாட்டம் பண்ணுவாங்க. பாலைக் கட்டியாக்கி வெச்சு, அதைத் துருவி மேல தூவுவாங்க."

"களி இருக்குதுன்னா பொழைச்சுக்கலாம். மொளகாத்தூளு நான் எடுத்துக்கறேன்."

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பட்டாளத்திலிருந்து வந்தபின் புருஷனும் பெண்டாட்டியும் மனசுவிட்டுப் பேசியது இந்தப் பயணத்தைப் பற்றி மட்டும்தான். குண்டு விழுந்ததை அவன் சொன்னதில்லை. பனியில் விரல் மரத்துப்போனதைச் சொன்னதில்லை. ஆனால் சாயங்காலமானால் அவள் கேட்பாள், அவன் ஊர் ஊராகச் சொல்வான். ரோமில் தண்ணீர் பீய்ச்சுகிற கல் பொம்மைகளைச் சொல்லும்போது அவள் வாயைப் பிளந்து கேட்கிற அழகுக்காகவே இன்னும் நாலு பொம்மையைக் கூட்டிச் சொல்வான். அந்த நேரத்தில் அவனே நம்பிவிடுவான், இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு அங்கே நடக்கப்போவதாக. நாலாவது ஊர் வரும்போதுதான் பேச்சை மாற்றுவான்.

"நாலாவது, தம்பி ஊரு. நாலு நாளு. ஆகக்கூடிப் பன்னெண்டு." அவள் நின்று திரும்பினாள். "ஏனுங்க, அந்த ஊரு பிளாரன்ஸுக்கு அந்தாண்டைன்னு சித்திரையில சொன்னீங்க. ஐப்பசியில ரோமுக்குப் பக்கத்தாலன்னீங்க. எதுங்க நெசம்?"

"ரெண்டுக்கும் நடுவால."

"பேரு?"

"வாயில நொழையாத பேரு புள்ள."

"மத்த மூணும் மட்டும் நல்லா நொழைஞ்சுதாக்கும்!" என்று சிரித்துவிட்டு நடந்தாள். சந்தேகம் இல்லை அந்தச் சிரிப்பில். புருஷன் மறதிக்காரன் என்று நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

பாதி மலையில் ஒரு சுனை. மூட்டையை இறக்கிவிட்டு இரண்டு பேரும் தண்ணீர் குடித்தார்கள். பாப்பாத்தி இடுப்பிலிருந்த சீசாவைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். மலைத்தேன். தக்கை நன்றாக அடைக்கிறதா என்று சந்தையில் காட்டி, வேறு தக்கை வாங்கப் போகிறாளாம். கப்பலில் ஒழுகக் கூடாதாம்.

இதுதான் சமயம் என்று சென்றாயன் எழுந்து நின்றான்.

"பாப்பாத்தி. சின்னராசு..."

"என்ன, சின்னராசுக்கு?"

அவள் முகத்தைப் பார்த்தான். முப்பது வயசுக்காரி, தம்பி பேரைக் கேட்டதும் பத்து வயசுப் பிள்ளையாகிவிடுகிறாள்.

"அவனுக்குத் தேனுன்னா உசுரு" என்றான்.

"எனக்குத் தெரியாதா? தூக்கி வளர்த்தவ நானு." தக்கையை அழுத்தினாள். "பாத்ததும் கன்னத்துல ஓங்கி ஒண்ணு உடுவேன். அது அம்மாவுக்கு. அதுக்கப்பறம்தான் தேனு. நீங்க குறுக்க வரக் கூடாது, சொல்லிப்போட்டேன்."

"வரல."

அட, மடப்பயலே! அந்தச் சுனையருகே சொல்லித் தொலைத்திருந்தால் அவளாவது தனியாக அழுதிருப்பாள். சந்தைக்கூட்டம் பார்க்க அழ வேண்டியிருந்திருக்காது.

பேளுக்குறிச்சியில் சந்தை களைகட்டியிருந்தது. கடுகு, வெந்தயம், சீரகம் என்று சாக்குச் சாக்காகத் திறந்து வைத்திருந்தார்கள். மஞ்சள் தூசி மூக்கை அடைத்தது. ஓரத்துக் கொட்டகையில், பத்திரமும் மனுவும் எழுதுகிற குப்புசாமி பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தோட்டத்தை வாங்கப்போகிற வெள்ளையன், வெற்றிலையை மென்றபடி.

"வாம்மா, வா. பத்திரம் தயாரா இருக்குது" என்றார் குப்புசாமி. "மொதல்ல உங்க கப்பல் மனுவை முடிச்சுருவோம். கலெக்டருக்குப் போற காகிதம். எதுக்காகப் போறீங்கன்னு போடட்டும்?"

"ஊரு பாக்கறக்கு" என்றாள் பாப்பாத்தி, கணீரென்று. "பன்னெண்டு நாளு. போயிப்போட்டு வந்துருவமுங்க."

மிளகாய் எடை போட்டுக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். இரண்டு பேர் சிரித்தார்கள். வெள்ளையன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மலையை வுட்டு எறங்குனா ராசிபுரம் தாண்டி அறியாத சனம், இத்தாலி கேக்குது பாத்தியா" என்றார்.

"உங்களுக்குந்தான் ஒரு நகைக்கடைப் பாலத்தைப் பத்தி வந்து சொல்றேனுங்க" என்றாள் பாப்பாத்தி. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

குப்புசாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டார். "அங்க யாரு ஊட்டுல தங்குவீங்க? ஆளு பேரு, ஊருப் பேரு ரெண்டும் வேணும்."

"எந்தம்பி சின்னராசு ஊட்டுல. ஊருப் பேரை இவரு சொல்லுவாரு."

எல்லாரும் சென்றாயனைப் பார்த்தார்கள். பேனா காகிதத்துக்கு மேல் காத்திருந்தது.

"அவரு யோசிச்சுச் சொல்லட்டும். அதுக்குள்ள நீ ரேகையை வெச்சுரும்மா" என்று பத்திரத்தை நகர்த்தினார் குப்புசாமி.

பாப்பாத்தி கட்டைவிரலை மைப் பெட்டியில் அழுத்தினாள். எடுத்தாள். பத்திரத்துக்குக் கொண்டுபோனாள்.

சென்றாயன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"வெய்க்காத."

"ஏனுங்க? என்ன இது, எல்லாரும் பாக்கறாங்க."

"சின்னராசு இல்ல பாப்பாத்தி."

"எங்க இல்ல?"

"எங்கயும் இல்ல. செத்துப்போயிட்டான்."

அவள் கையை உருவிக்கொண்டாள். மை சேலையில் இழுகியது. மிளகாய்க்காரன் தராசைக் கீழே வைத்தான். யாரோ "ஐயையோ" என்றார்கள். பாப்பாத்தி அழவில்லை, கத்தவில்லை. கணக்குக் கேட்கிறவள்போல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எப்ப?"

"வர்ற வாரத்தோட மூணு வருசம்."

"மூணு வருசம்." அவள் தலையை ஆட்டினாள். "எப்படி?"

"ஆத்தங்கரையில கண்ணிவெடி பொதைச்சிருந்தாங்க. அதை எடுத்தாத்தான் பாலம் போட முடியும். எடுக்கப் போனான்."

"குழி எங்க இருக்குது?"

இந்தக் கேள்விக்குத்தான் அவன் இத்தனை நாள் பயந்தான். மலையில் செத்தவர்களைப் புதைப்பார்கள். சொந்தம் ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி மண் தள்ள வேண்டும். அது விழாமல் போனால் ஆறாது.

"பொதைக்கல. பட்டாளத்துல செத்த நம்மாளுக எல்லாரையும் எரிச்சுட்டாங்க. சாம்பலை அந்த ஆத்துலயே வுட்டாச்சு."

"ஒரு புடி மண்ணு விழல அவன்மேல."

"இல்ல."

பாப்பாத்தி பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் மையிருந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா சாகறப்ப நீங்க பக்கத்துலதானுங்களே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"அவன் கை மண்ணு எம்மேல விழக் கூடாது, அவன் நல்லாவே இருக்க மாட்டான், நாசமாப் போவான்னு சொன்னா. உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"நானும் ஆமாம்மான்னு சொன்னேன். அதும் விழுந்துச்சா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்பவாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எம் புள்ள என்னை மறக்கல, செத்துத்தான் போனான்னு தெரிஞ்சிருந்தா, அழுதுக்கிட்டாச்சும் போயிருப்பாளே. செத்த புள்ளையைச் சபிச்சுப்போட்டுச் செத்தாளே எங்கம்மா!"

அப்போதுதான் குரல் உடைந்தது. சென்றாயன் அவள் தோளைத் தொடப் போனான். அவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கண்ணாயி இனி யாரு மடியில வேணும்னாலும் உக்காரலாம்" என்றாள். "தடை நீங்கிப்போச்சு. நல்ல சேதிதான் கொண்டாந்தீங்க."

வெள்ளையனுக்கே மனசு தாளவில்லை. கேலி பேசின வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "போயி ஆக வேண்டிய காரியத்தைப் பாரும்மா. பத்திரத்தை இன்னொரு சந்தைக்கு வெச்சுக்கலாம். தோட்டம் உன்னோடதாவே இருக்கட்டும்" என்றார்.

"இல்லீங்க. இன்னைக்கே."

பாப்பாத்தி எழுந்து, கட்டைவிரலை மறுபடி மையில் அழுத்திப் பத்திரத்தில் வைத்தாள். பிறகு குப்புசாமியைப் பார்த்தாள்.

"கப்பல் மனுவுல பேரு ஒண்ணுதானுங்க. எம் பேரு மட்டும் போடுங்க. மத்த மூணு ஊரும் வேண்டாம். நேரா அந்த ஆத்துக்குப் போறேன். நம்ம தோட்டத்து மண்ணை ஒரு புடி அந்தக் கரையில தள்ளிப்போட்டு, அம்மா தெரியாமச் சொல்லிப்போட்டாடா தம்பின்னு சொல்லிப்போட்டு வாரேன்."

"பாப்பாத்தி, நானும் வாரேன். உனக்கு வழி தெரியாது" என்றான் சென்றாயன்.

"நீங்க சொன்ன வழி போதும். ஆத்துப் பேரைச் சொல்லுங்க."

"சாங்ரோ."

ஒன்பது மாதமாக நுழையாத பேர், எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! குப்புசாமி எழுதிக்கொண்டார்.

பாப்பாத்தி நிமிர்ந்து, சேதி கேட்டபின் முதல்முறையாகப் புருஷனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் நெசத்தைச் சொல்லுங்க. அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

வாசகர்களே, அந்த நாளை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கண்ணிவெடி எடுக்கப் போக வேண்டிய முறை சென்றாயனுடையது. முந்தின நாள் போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை. காலையில் ஹவில்தார் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது அவன் போர்வைக்குள் சுருண்டு, காய்ச்சல் என்றான். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம். சின்னராசு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். சூடில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீங்க படுங்க மச்சான். உங்களுக்குப் புள்ள இருக்குது. நான் போயிட்டு வாரேன்" என்று வெடி தேடுகிற கம்பியை எடுத்துக்கொண்டு போனான்.

இதைத்தான் அவள் கேட்கிறாள். சொன்னால் அவள் இந்தச் சந்தையிலேயே அவனை விட்டுவிட்டு நடந்துவிடுவாள். கண்ணாயியையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். போனால் யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

சென்றாயன் வாயைத் திறந்தான்.

"நான் அந்தப் பக்கமே இல்ல பாப்பாத்தி. வேற பாலத்துக்கு அனுப்பிப்போட்டாங்க. பொழுது சாஞ்சுதான் எனக்குச் சேதியே வந்துச்சு."

அவள் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள் முகம் மெல்ல இளகியது. அடக்கி வைத்திருந்த அழுகை பொங்கி வந்தது. கிட்டே வந்து, அவன் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்துல இருந்திருந்தா நீங்க வுட்டிருப்பீங்களா? எனக்குத் தெரியாதா?" என்று விம்மினாள். "மூணு வருசம் இதை ஒண்டியாவே வெச்சுக்கிட்டு என்ன பாடு பட்டீங்களோ. கோவத்துல பேசிப்போட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "ஐயா, ரெண்டு பேருன்னே எழுதிக்குங்க. நாங்க சேந்தே போறோம்."

"அப்படியே ஆகட்டும்மா" என்றார் குப்புசாமி. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. நல்ல மனுஷர், தன்னால் ஆன உதவியைச் செய்ய நினைத்தார். "பட்டாள ஆபீசுக்கும் ஒரு காகிதம் போட்டுடறேன். அன்னைக்கு யாரு யாரை எங்க அனுப்புனாங்க, என்ன நடந்துச்சுன்னு எல்லாம் எழுதி வெச்சிருப்பாங்க. கேட்டா முழு வெவரமும் ஊட்டுக்கே வந்துரும்."

"போடுங்க சாமி" என்றாள் பாப்பாத்தி. "தம்பியோட கடைசி நாளை ஒண்ணு விடாமத் தெரிஞ்சுக்கிட்டே போறோம்."

கூடப் பட்டாளத்தில் இருந்த சொந்தம் என்ற முறையில் அந்தக் காகிதத்தில் சென்றாயன்தான் ஒப்பமிட வேண்டும் என்று குப்புசாமி பேனாவை நீட்டினார். பெண்டாட்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டாளத்தில் கற்றுக்கொடுத்த கையெழுத்தை அவன் நிதானமாகப் போட்டுக் கொடுத்தான்.